முதலில் பார்த்த முகம்

கடை திறந்த அன்று காலை அங்கே இருந்தவர்கள்: அண்ணன் கோக்ஹிம், அண்ணி மெய்ஃபோங், அம்மா, நான். கல்லாவின் மேல், சிவப்புத் துணிக்குள், பிஷியூ.

சிங்க முகமும் சிறகும் உள்ள கல் மிருகம். பொன்னைத் தின்னும். பின்பக்கம் துவாரம் கிடையாது. உள்ளே போன செல்வம் வெளியே வராது. கோயிலில் பூஜை செய்து, அதன் கண்ணை மறைத்துத் துணி சுற்றிக் கொடுப்பார்கள். துணி விலகியதும் யார் முகத்தை முதலில் பார்க்கிறதோ அவர்தான் அதற்கு முதலாளி. தென்சீனத்தில், எங்கள் ஃபோஷான் ஊரில், குழந்தைக்கும் இது தெரியும்.

அது அப்பாவின் மீன்கஞ்சிக் கடை. அவர் போனபின் மூடிக்கிடந்ததை அம்மா அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். தரை ஓடு சுடும் ஆலையில் இரவு வேலை. "நாளைலேர்ந்து ஆலைக்குப் போகாதடா. கடை அடுப்பு உன்னோடது" என்று அண்ணன் சொல்லியிருந்தான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை. அடுப்பு எனக்கு, கல்லா அவனுக்கு.

வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தேன். மூவரும் வாசலில் பூக்கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் வழியே உள்ளே போய்த் துணியைத் தூக்கினேன். அதன் கண்ணுக்கு நேரே என் முகத்தை வைத்து மூன்று எண்ணினேன். பழையபடி மூடினேன்.

மூவரும் உள்ளே வந்தார்கள்.

"என்ன கொழுந்தனாரே, உடம்பெல்லாம் வெள்ளை? நாடகத்துல வேஷமா?" என்றாள் அண்ணி.

"ஆலை மண்ணு, அண்ணி."

"குளிச்சிட்டு வந்தா கஞ்சி ஓடிப்போயிடுமா?"

அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு பிஷியூவின் முன் நின்றான். நீட்டிய கை பாதியில் நின்றது. சிவப்புத் துணியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாகக் கட்டைவிரல் தடம்.

"சுன்கிட், இதத் தொட்டியா?"

"தூசி தட்டினேன்."

"தட்டினீங்களா, பூசினீங்களா?" என்றாள் அண்ணி.

"டேய், தொறந்து பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேன். எனக்கும் அவருதான அப்பா?"

அண்ணன் கத்தவில்லை. துணியோடு பிஷியூவைத் தூக்கி என் கையில் வைத்தான். நல்ல கனம்.

"உன்னத்தான் பாத்திருக்கு. உன்னோடதுதான். எடுத்துட்டுப் போ."

"அடுப்பு?"

"அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். உன்ன உள்ள வச்சுக்கிட்டு இன்னொண்ணு வாங்கி வைக்க எனக்குப் பயமா இருக்குடா."

அம்மாவைப் பார்த்தேன். அவள் மேசையைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள், ஏற்கெனவே துடைத்த மேசையை.

மிருகத்தைக் கட்டிக்கொண்டு பூக்கூடைகளைத் தாண்டி இறங்கினேன். பின்னால் அண்ணி கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.