வேலிப்பெட்டியின் பச்சை விளக்கு

"உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

பதினாறு வயதில் நீவெஸை வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்து வரலாற்று டீச்சர் கேட்ட கேள்வி இது. அன்று வாய்மொழித் தேர்வு. பதில் அவளுக்குத் தெரியும். முந்தின நாள் படித்த பக்கம் வரிவரியாகக் கண்ணுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "இருக்கு டீச்சர், வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டா" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தக் கோடை விடுமுறை முடிந்த பிறகு அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

இப்போது இருபத்து மூன்று வயது. இத்தாலியின் அப்ருஸ்ஸோ மலைகளில் அவள் பெரியம்மா மகன் ஒத்தாவியோ பேட்டரி சைக்கிள் பயணங்கள் நடத்துகிறான். ஒரு தடவைக்கு ஆறு பேர்தான். ஒத்தாவியோ முன்னால் பேசிக்கொண்டே போவான், நீவெஸ் கடைசியில் வருவாள். பஞ்சர் ஒட்டுவது, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது, நிற்கிற இடங்களில் ஒவ்வொருவர் பேட்டரியிலும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்வது, இவ்வளவுதான் அவள் வேலை. நாள் முழுக்க ஆறு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். அதனால்தான் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டாள்.

"நாம வந்துட்டுப் போனதே இந்த மண்ணுக்குத் தெரியக் கூடாது" என்று ஒவ்வொரு குழுவிடமும் முதல் நாள் காலையில் ஒத்தாவியோ சொல்வான். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நீவெஸுக்கும் அந்த வாக்கியம் பிடிக்கும்.

ஜூன் மாதக் குழு மிலானோவிலிருந்து வந்தது. அதில் குவால்தியேரோ என்று ஒருவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். முதல் நாளே மோட்டாரை உச்சத்தில் வைத்துவிட்டு, சமதரையில்கூடக் காலை சும்மா சுழற்றிக்கொண்டு வந்தார். ஊற்றடியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது நீவெஸ் பார்த்தாள். அவர் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மாற்று பேட்டரிகள், பெட்டிகளோடு வேனில் நேராகச் சாயங்காலம் தங்கும் ஊருக்குப் போயிருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு பதினொரு கிலோமீட்டர் ஏற்றம் வேறு இருக்கிறது. "மோட்டாரைக் கொஞ்சம் குறைச்சு வைங்க டாக்டர்" என்று சொன்னால் முடிந்தது. மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அதற்குள் அவர் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டார்.

மதியச் சாப்பாடு எப்போதும் செத்திமியோவின் ஆட்டுப்பட்டியில். செத்திமியோவும் ஆர்ஜாவும் நூற்றுச் சொச்சம் ஆடுகளை வைத்துக்கொண்டு அந்த மலைச்சரிவில் இருப்பவர்கள். நீவெஸின் அப்பா ஆடு வைத்திருந்த காலத்திலிருந்தே பழக்கம். அவளுக்கு அவர்கள் மாமா, அத்தை.

"வாங்க டாக்டரே! சைக்கிள் உங்களச் சுமந்துச்சா, நீங்க சைக்கிளச் சுமந்தீங்களா?" என்றார் செத்திமியோ.

"சைக்கிள்தான். நான் கூட வந்தேன், அவ்வளவுதான்" என்றார் குவால்தியேரோ. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆர்ஜா கொப்பரையிலிருந்து சூடாக ரிக்கோட்டா என்கிற இளம் பாலாடைக்கட்டியை அள்ளி ஒவ்வொரு தட்டிலும் போட்டாள். செத்திமியோ ஒரு வாய் வைத்தார். "உப்பு ரெண்டு தடவ போட்டியா இன்னைக்கும்?"

"ஒரு தடவதான் போட்டேன்."

"ரெண்டு."

"அப்ப உன் பங்கை நாய்க்கு வை. அது குறை சொல்லாது."

இந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் நீவெஸ் எழுந்து, குவால்தியேரோவின் பேட்டரியையும் பையிலிருந்த சார்ஜரையும் எடுத்துக்கொண்டு பால்கொட்டகைக்குப் பின்னால் போனாள். சுவரில் ஒரே ஒரு மின் இணைப்பு. அதில் வேலிப்பெட்டி மாட்டியிருந்தது. பட்டியைச் சுற்றிய கம்பி வலைக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி எரிய, டிக் டிக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எதற்கென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வளர்ந்த வீட்டிலும் அந்தச் சத்தம் இருந்தது. பகலில் ஆடுகள் மேலே மேயப் போயிருக்கும். கொட்டகையைக் கழுவப் பம்பு போட வேண்டுமென்றால் அந்தப் பிளக்கைக் கழற்றுவது இந்தப் பக்கத்துப் பட்டிகள் எல்லாவற்றிலும் வழக்கம்தான். கழற்றினவர்கள் திரும்ப மாட்ட வேண்டும். அது ஒன்றுதான் விதி.

கேட்டுவிட்டுக் கழற்றலாம். முற்றத்துக்குப் போய், எட்டுப் பேர் முன்னால், "மாமா, டாக்டர் பேட்டரி தீந்துபோச்சு" என்று சொல்ல வேண்டும். ஏன் தீர்ந்தது, நீ முன்னாலேயே சொல்லவில்லையா என்று ஒத்தாவியோ கேட்பான். ஒரு மணி நேரந்தானே என்று நினைத்துக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

முக்கால் மணி நேரத்தில் மேற்கே மேகம் கறுத்தது. "எல்லாரும் கிளம்புங்க, கிளம்புங்க!" என்று ஒத்தாவியோ கை தட்டினான். நீவெஸ் மழைச்சட்டைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குவால்தியேரோ பேட்டரியையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"நானே எடுத்துட்டு வந்துட்டேன். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

அவள் அதை வாங்கி மாட்டினாள். கிளம்பினார்கள்.

ஏழாவது கிலோமீட்டரில், மழை முகத்தில் அறைந்துகொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. டிக் டிக். நின்றுவிட்டாள். முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்தன. மணி நாலு. சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் செத்திமியோவின் எண்ணும் இருந்தது. எடுத்தாள். மாமா, உங்ககிட்ட கேக்காம பிளக்கப் பிடுங்கினேன், திரும்ப மாட்டல. இரண்டே வரிதான். கட்டைவிரல் எண்ணின் மேலேயே நின்றது.

மாமா தினமும் இருட்டுவதற்கு முன் ஒரு பச்சைப் புல்லைக் கம்பியில் வைத்துப் பார்ப்பார், கரண்ட் இருந்தால் விரலில் சுரீரென்று தெரியும். இன்றைக்கும் பார்ப்பார், தெரிந்துகொள்வார், தானே மாட்டிவிடுவார். அவளே அவளுக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் போட்டாள்.

செத்திமியோ அன்று புல் வைத்துப் பார்க்கவில்லை. மழை.

மறுநாள் காலை ஒத்தாவியோவுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சைக்கிளின் மேலேயே சாய்ந்து நின்றான். "செத்திமியோ மாமா பட்டியில ஓநாய் புகுந்துடுச்சாம். ஒம்பது ஆடு போச்சு. வேலியில கரண்ட் இல்லையாம். ஆர்ஜா அத்தை பம்புக்காகக் கழட்டிட்டு மாட்ட மறந்துட்டாங்களாம்."

நீவெஸ் ஒரு சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"பாவம் அந்தம்மா" என்றார் குழுவில் ஒருவர்.

"ஓநாயும் வாழணும்ல" என்றார் குவால்தியேரோ. "இயற்கை."

அன்று முழுக்க அவள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் விட்டாள். ஆறு முதுகுகளும் திரும்பி அவளைப் பார்ப்பது போலவே இருந்தது.

மூன்றாம் நாள் பாதை வட்டமடித்து மறுபடி அதே பட்டிக்கு வரும். சாப்பாட்டை ரத்து செய்துவிடலாமா என்று ஒத்தாவியோ கேட்டதற்கு, "வேணாம், வாங்க. சாப்பிடாம இருந்தா ஆடு திரும்ப வந்துடுமா?" என்றாராம் செத்திமியோ.

கடைசி இறக்கத்தில் குவால்தியேரோ வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் வந்தார். "அன்னைக்குப் பேட்டரி எடுக்கப் போனப்ப, கீழ ஒரு பிளக் சும்மா தொங்கிட்டிருந்துச்சே. அது என்ன பிளக்?"

"தெரியல" என்றாள் நீவெஸ்.

மூன்று நாளில் அவரிடம் அவள் பேசிய ஒரே வார்த்தை. அதுவும் பொய்.

முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். வழக்கமாகப் போடும் சுட்ட கறி இன்று இல்லை. ரொட்டி, சீஸ், தக்காளி. செத்திமியோ வலியப் பேசிக்கொண்டிருந்தார். ஆர்ஜா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டாக அறுத்து, எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணி, மறுபடி எண்ணினாள்.

நீவெஸ் கை கழுவக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நடுங்கிய பெரிய எழுத்து, ஆர்ஜாவின் கையெழுத்து: 'ஆர்ஜா, மாட்டினாயா? இன்னொரு தடவை பார்.'

ஈரக் கையைத் துடைக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பதினெட்டாம் தேதி இவளுக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கு" என்று செத்திமியோ ஒத்தாவியோவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மண்டைக்குள்ள படம் எடுத்துப் பாக்குற டாக்டர். உப்பு ரெண்டு தடவ போட்டப்பவே நான் உஷாராயிருக்கணும். சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

"மாட்டின மாதிரிதான் இருக்கு" என்றாள் ஆர்ஜா, யாரையும் பார்க்காமல். "குனிஞ்சது, கையில ஈரம் இருந்தது, துடைச்சுட்டு மாட்டினது, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா அது அதுக்கு முந்தின நாளா இருக்கும் போல."

"விடு. உன்னைக் குத்தம் சொல்லல."

"சொல்லலைனா எதுக்கு அந்த டாக்டர்?"

"அத்தை மாட்டினாங்க" என்றாள் நீவெஸ்.

குரல் அவ்வளவு சின்னதாக வந்ததால் ஒத்தாவியோ, "என்ன?" என்றான்.

"அத்தை மாட்டித்தான் வச்சிருந்தாங்க. நான்தான் பிடுங்கினேன். டாக்டர் பேட்டரிக்கு. மாட்டாம போயிட்டேன்."

குவால்தியேரோ கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "என் பேட்டரிக்கா?"

செத்திமியோ அவளையே பார்த்தார். "எப்ப ஞாபகம் வந்துச்சு உனக்கு?"

மறுநாள்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அன்னைக்கே. ஏத்தத்துல. நாலு மணிக்கு."

"போன்?"

"இருந்துச்சு."

"என் நம்பர்?"

"இருந்துச்சு மாமா."

ஒத்தாவியோ தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். செத்திமியோ கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கத்தவில்லை.

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே, பிள்ளே" என்றார். "உன் அப்பன் பொண்ணுக்கா இல்லைன்னு சொல்லப் போறேன்?"

பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்திருந்தது. "பாத்தியா ஆர்ஜா? உனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்க. பதினெட்டாம் தேதிய வேணாம்னு சொல்லிடலாம்."

ஆர்ஜா கத்தியைத் துடைத்தாள். எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் காகிதம் இருந்தது. நாலாக மடித்திருந்தாள். அதை மேசையில், கணவனுக்கும் நீவெஸுக்கும் நடுவில் வைத்தாள். "ரெண்டு பேருந்தான் என்னை இதை எழுத வச்சீங்க" என்றாள். வைத்த இடத்தில் நிற்கிறதா என்று ஒரு விரலால் அழுத்திவிட்டாள்.

நீவெஸ் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், இல்லை தலையில் கை வைப்பாள், ஏதோ ஒன்று. ஆர்ஜாவின் கண் அவள் மேலேயும் நிற்கவில்லை, செத்திமியோ மேலேயும் நிற்கவில்லை.

"ஆர்ஜா" என்றார் செத்திமியோ.

அவள் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள். சுவரில் சாத்தியிருந்த கோலை எடுத்துக்கொண்டு, வரிசையாக நிறுத்தியிருந்த எட்டு சைக்கிள்களையும் சுற்றி நடந்து, ஆடுகள் மேய்கிற மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள்.