குணலட்சுமி எடுப்பித்த தூண்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்று சொன்னவருக்கு, இரண்டையும் தனி ஆளாக நின்று செய்த பெண்களைத் தெரியாது போலிருக்கிறது. சண்டிலிப்பாய்க் குணலட்சுமியைத் தெரிந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பார். கணவர் கதிரவேலு நாலு சுவரோடு விட்டுவிட்டுக் கண்ணை மூடிய வீட்டை, வெங்காயமும் பீற்றூட்டும் விற்றுத் துண்டு துண்டாகக் கட்டி முடித்தவள் அவள். மகள் சாருஜாவுக்கு அதுதான் சீதனம். இன்றைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் சிவசுப்பிரமணியம் வீடு பார்க்க வந்திருந்தார். அவர் ‘ஓம்’ என்றால்தான் கலியாணம்.

மற்ற வீடுகளுக்கு மாப்பிள்ளை பகுதி வந்தால் யன்னல் சீலையைப் பார்த்துத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போகும். இவரோ கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். அளவு நாடாவும் டோர்ச் லைற்றும் கொண்டுவந்திருந்தார்.

துண்டு துண்டாகக் கட்டிய வீடு எப்படி இருக்கும்? இரண்டாவது அறைக்கு முதலாவது அறைக்குள்ளால்தான் போகவேண்டும். பாத்ரூம் கதவைத் திறந்தால் எதிரே சாப்பாட்டு மேசை. ஒரு யன்னல் சுவரைப் பார்த்துத் திறந்தது.

“உந்த யன்னலாலை என்ன காத்து வரும் பிள்ளை?” என்றார் ஓவசியர்.

“முந்தி வந்தது மாமா. பிறகு அம்மா அதிலை ஸ்டோர் கட்டிப்போட்டா,” என்றாள் சாருஜா.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தக் கூடம் உண்மையிலேயே கோணல்தான், குணலட்சுமியும் அதை மறுக்கவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. இந்த மனுசன் ஹோலில் நின்று அண்ணாந்து பார்க்கக் கூடாது.

அங்கே ஒரு தூண் இருந்தது. போன மாதம் மேசனைக் கூப்பிட்டு அவள்தான் அதை இடித்து எடுப்பித்தாள். கேட்டவர்களிடம், ஹோல் விசாலமாக இருக்கட்டும் என்றாள். அது வெளிக்குச் சொன்ன காரணம். கலியாணம் அந்த ஹோலில்தான் நடக்கும். தாரை வார்க்கக் கதிரவேலுவின் தமையனும் மனைவியும் இருந்தார்கள். புருசன் இல்லாதவள் தாலி கட்டுகிற நேரத்தில் மணவறைக்கு முன்னால் நிற்பதில்லை, சமைக்கிற குசினியின் வாசலோடு நின்றுகொள்வாள். அந்த வாசலில் ஒருநாள் நின்று பார்த்தபோது, மணவறை வரும் இடத்தைத் தூண் அப்படியே மறைத்தது. பெற்ற பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க இந்தச் சீமெந்துக் கட்டையும் விடாதா என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. “அக்கா, உதிலை பாரம் நிக்குது,” என்று மேசன் சொல்லத்தான் சொன்னான். அவனை அதட்டி வேலையை முடிப்பித்தாள், பாவி மனுசி.

இரண்டு கிழமையில் மேலே பீமில் வெடிப்பு விழுந்தது. சுண்ணாம்பைக் குழைத்து அவளே பூசி மறைத்தாள். ஓவசியரின் டோர்ச் நேரே அந்த இடத்தில்தான் போய் நின்றது.

“தங்கச்சி, இதுக்குக் கீழை ஒரு தூண் இருந்திருக்கவேணுமே?”

“எடுத்தாச்சு அண்ணை. ஹோல் கொஞ்சம் பெரிசாத் தெரியட்டுமெண்டு...”

“உது தலையிலை விழட்டும், வானமே தெரியும்! இதுக்குக் கீழை கலியாணம் வைக்கிறதோ? இப்பிடி ஒரு வீட்டை நான் என்ரை தங்கச்சியிட்டைப் போய் என்னெண்டு சொல்லுறது?”

சாருஜாவின் முகம் வாடிப்போயிற்று. அதற்குமேல் குணலட்சுமியால் மறைக்க முடியவில்லை.

“பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை. பிழை என்னிலைதான். கலியாணத்திலை நான் அந்தக் குசினி வாசல்லைதானே நிப்பன். அதிலை நிண்டால் தூண் மறைச்சுப்போடும், தாலி கட்டுறது தெரியாது. அதுதான் எடுப்பிச்சனான்.”

ஓவசியர் குசினி வாசலுக்குப் போனார். அங்கே நின்று ஹோலைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய குரல் இறங்கியிருந்தது.

“தூண் திரும்ப வரத்தான் வேணும் தங்கச்சி.”

“ஓம் அண்ணை. வைக்கிறன்.” மகளின் கலியாணம் நடந்தால் போதும், பார்க்காவிட்டால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

“அம்மா,” என்றாள் சாருஜா. “நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிப்பீங்களெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஆர் உங்களைக் குசினிக்குப் போகச் சொன்னது?”

குணலட்சுமி யோசித்துப் பார்த்தாள். ஒருவருடைய பெயரும் வரவில்லை.

“ஆரும் சொல்லேல்லைப் பிள்ளை,” என்றாள். பிறகு பயந்து பயந்து ஓவசியரைப் பார்த்தாள். “உங்கடை பகுதி என்ன சொல்லும் அண்ணை?”

“எங்கடை பகுதியெண்டு இப்ப நிக்கிறது நான்தானே. தூணையும் வையுங்கோ, நீங்களும் முன்னுக்கு வாங்கோ. ஆரும் வாய் திறந்தால் என்னட்டை அனுப்புங்கோ.”

சாருஜா ஒரு கதிரையை இழுத்துவந்து மணவறை வரப்போகிற இடத்துக்கு முன்னால் போட்டாள். தாயைத் தோளில் பிடித்து அதில் இருத்திவிட்டு, தான் எதிரே போய் நின்றாள்.

“இப்ப தெரியுதோ?”

குணலட்சுமி சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கதிரவேலு செத்த வீட்டில்கூட அவள் இப்படி அழவில்லை.

“ஐயோ தங்கச்சி, உந்தப் பீமுக்குக் கீழை இருந்தே அழுறியள்!” என்று பதறினார் ஓவசியர். “வெளியிலை வாங்கோ, முதல்லை உதுக்கு முட்டுக் குடுப்பம். பிறகு ஆறுதலா இருந்து அழலாம்.”