மிச்சக் கலவை

டேப்பின் ஒரு முனையைப் பொன்ராஜ் வடக்குச் சுவரடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மறுமுனையை இழுத்தபடி பழனாத்தாள் குதிரை லாயத்தின் குறுக்கே நடந்தாள். உள்ளே இருந்த கரிசல் மண்ணை வெட்டி வெளியேற்றி, கிராவல் கொட்டி இடித்திருந்தார்கள். குதிரைகள் நான்கும் வெளியே தென்னை மரங்களில் கட்டப்பட்டிருந்தன.

நீளம் நாற்பதடி, அகலம் பதினாறு. அதைத் தரையில் ஒரு குச்சியால் கீறிவிட்டு, சுவருக்குச் சுவர் நூல் கட்டினாள். நூலிலிருந்து கிராவல் வரை ஆழம் பார்த்தாள். ஓரங்களில் சரியாக ஆறு அங்குலம் இருந்தது. நடுவில் கொஞ்சம் கூடியது. மண் வெட்டியவன் அங்கே ஆழமாக இறங்கிவிட்டான்.

ஒரு இடத்தில் பார்த்தால் போதாதா என்று பொன்ராஜ் கேட்டான். அவன் வட்டவடைக்காரன். மூணாறில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்திக்கொண்டிருந்தவன், அந்தக் குதிரையை அதன் சொந்தக்காரர் விற்றதும் இங்கே வந்து சேர்ந்தான். கான்கிரீட் வேலை அவனுக்குப் புதிது.

"ஓரத்தப் பாத்துச் சொன்னா நடுவுல பத்தாமப் போயிரும் தம்பி. அப்பறம் ஒட்டுப் போடோணும். ஒட்டுல குதுரக் குளம்பு மாட்டும்."

மூத்திரம் வடிகிற பக்கம் வாட்டம் விட்டது போக, ஒன்பதரை கியூபிக் மீட்டர் வந்தது. வடகரப்பதிச் சுற்றுவட்டாரத்தில் கான்கிரீட் போடும் பழனாத்தாளின் ஆள் செட்டுக்குப் பேர் உண்டு. அவள் சொன்ன அளவில் கலவை பத்தாமல் போனதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து, கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கலவையை வரவழைப்பதென்றால் முதலாளிமார் அவளைத்தான் அளக்கச் சொல்வார்கள். லாரிக்கு ஆறு கியூபிக். எல்லை தாண்டி அரை லாரி அனுப்ப மாட்டார்கள். ஆக இரண்டு லாரி. இரண்டரை கியூபிக் மிஞ்சும்.

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தோப்பின் கடைசிக்குப் போனாள். அங்கே தகரம் அடித்த மூன்று அறைகள் வரிசையாக இருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று பொன்ராஜுடையது. மூன்றாவதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ராக்கப்பன் குடும்பம். மூன்றையும் அளந்தாள். நாலு அங்குலம் போட்டாலும் கலவை மிஞ்சும்.

அவள் அறைக்குள் அவள் புருசன் மாரப்பன் கட்டிலில் உட்கார்ந்து, வாக்கரைப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தான். ஐப்பசி மழையில் லாயத்துச் சேற்றில் வெள்ளைக் குதிரை வழுக்கி விழுந்தபோது, அதன் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன். குதிரையின் அடியில் சிக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்த டாக்டர், சமதரையில் தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பினார். அறையில் வாக்கரை ஊன்றினால் அதன் நாலு காலும் மண்ணில் இறங்கும். பிடுங்கி எடுத்து அடுத்த இடத்தில் வைப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். வெளியே தோப்பில் ஒருமுறை முயன்று மட்டைமேல் கவிழ்ந்தான்.

வெள்ளைக் குதிரைக்குக் கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் வந்தார். அது தை மாதத்திலேயே ஓட ஆரம்பித்தது. இனி எந்தக் குதிரையும் வழுக்கக் கூடாது என்றுதான் தோப்பு முதலாளி பூபதிராஜா லாயத்துக்குக் கான்கிரீட் தரை போடுகிறார்.

அன்று சாயங்காலம் அவள் அவரிடம் அளவைச் சொன்னாள். இரண்டு லாரி என்றதும் சரி என்றார். மிச்சக் கலவையை மூன்று அறைக்கும் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டாள். அவர் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை. கேட் ஓரத்துக் குழியில் கொட்டச் சொல், மழைக்கு லாரி திரும்ப வாகாக இருக்கும் என்றார். அவள் மறுபடி கேட்டாள். கூலி வேண்டாம், எங்கள் ஆட்களே போட்டுக்கொள்வோம் என்றாள்.

"மண்தரைன்னாக் கொட்டாய் பழனா. சிமிட்டி போட்டா அது ஊடு. இன்னைக்குத் தரை கேப்பீங்க, நாளைக்கு பஞ்சாயத்துல கதவு நம்பர் கேப்பீங்க, அப்பறம் எடத்துக்குப் பட்டயம் கேப்பீங்க. எங்கப்பன் காலத்துல இருந்து இந்தத் தோப்புல அந்தப் பழக்கமில்ல."

பழக்கம் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஓலைக் குடிசையாக இருந்த காலத்தில், இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை குடிசையைப் பிரித்துத் தோப்பின் வேறு மூலையில் கட்டச் சொல்வார்கள். ஒரே இடத்தில் இத்தனை வருசம் இருந்தோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவள் கல்யாணமாகி வந்த பிறகே அப்படி நாலு இடம் மாறியாயிற்று. தகரம் வந்ததும் இடம் மாற்றுவது நின்றது. மண்தரை மட்டும் மாறவில்லை.

அவள் சரி என்று சொல்லவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்து, ரெடிமிக்ஸ் பிளாண்டுக்குப் போன் போட்டு, தன் பெயரைச் சொல்லி, இரண்டு முழு லாரி என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆண்கள் லாயத்தில் பலகை அடிக்க, பெண்கள் தோப்பின் கடைசியில் வேலையை ஆரம்பித்தார்கள். மூன்று அறையிலிருந்தும் சாமான்களை வெளியே எடுத்து வைத்தார்கள். கலவை இறக்க வசதியாக முன்பக்கத் தகரங்களைக் கழற்றிச் சாய்த்தார்கள். மண்ணைச் சுரண்டி, மீந்திருந்த கிராவலைப் பரப்பி இடித்தார்கள். மாரப்பனைக் கட்டிலோடு தூக்கித் தென்னை நிழலில் போட்டார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பூபதிராஜா அந்தப் பக்கம் வந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். அவர் வரவில்லை.

முதல் லாரி வந்தது. உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் தொங்கிய தகரச் சரிவில் கலவை சாம்பல் நிறத்தில் வழிந்து இறங்கியது. பழனாத்தாள் மட்டப்பலகையோடு முழங்கால் போட்டு உட்கார்ந்து அதை இழுத்துச் சமன் செய்தாள். பூபதிராஜா வாசலில் நின்று பார்த்தார். குளம்பு வழுக்காமல் இருக்க மேலே கோடு கீற வேண்டும் என்று நினைவுபடுத்தினார். இரண்டாவது லாரி கேட்டுக்குள் நுழைந்தபோது, லாடம் அடிக்கிறவனைக் கூட்டிவரக் காரில் கிளம்பினார்.

"மொதல்ல குதுரை குடி பொகுது. ஆராச்சும் பால் காச்சுனீங்களாடி?" என்றாள் முத்தாத்தாள், சட்டியை இடுப்புக்கு ஏற்றியபடி. அவளுக்கு எந்த வேலையிலும் வாய் சும்மா இருக்காது.

லாயம் நிரம்பியது. ஒரு சட்டி குறையவில்லை, ஒரு சட்டி கூடவுமில்லை. உருளைக்குள் மிச்சம் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியைக் கேட் பக்கம் எடுக்கப் போனான். பழனாத்தாள் முன்னால் போய் நின்று கையைக் காட்டினாள்.

"முதலாளி கேட் குழியில கொட்டச் சொன்னாருங்களே அக்கா."

"அளந்தது நானு. லாரி சொன்னதும் நானு. கலவ எங்க போகோணும்னு நாஞ் சொல்றேன். பின்னால எடு கண்ணு."

டிரைவர் அவளைப் பார்த்தான். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தான். சாமான்கள் வெளியே கிடந்த அறைகளைப் பார்த்தான். கலவை இறுகினால் உருளைக்குத்தான் கேடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ரிவர்ஸ் எடுத்தான்.

பழனாத்தாளின் அறை முதலில், அடுத்து பொன்ராஜுடையது, கடைசியாக ராக்கப்பனுடையது. லாயத்தில் இழுத்த அதே பலகையால் இழுத்தார்கள். அங்கே கீறியதுபோல் இங்கே கோடு கீறவில்லை. வாக்கர் ஓட வழவழப்பாக இருக்க வேண்டும் என்று பழனாத்தாள் தன் அறையைக் கொத்துக்கரண்டியால் இரண்டு முறை தேய்த்தாள். லாரி போய்விட்டது. எல்லோரும் கை கழுவி, மரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்றார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் கார் திரும்பியது. பூபதிராஜா கேட் குழியைப் பார்த்தார். குழி குழியாகவே இருந்தது. அங்கிருந்து நேராகத் தோப்பின் கடைசிக்கு நடந்து வந்தார். செட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பழனாத்தாள் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆரக் கேட்டுப் போட்டே?"

"உங்களத்தானுங்க கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"குழியில கொட்டச் சொன்னீங்க. அந்தக் குழியில ஆரும் படுக்கறதில்லீங்களே."

அவர் குரலை உயர்த்தவில்லை. இத்தனை நாள் கூட வைத்திருந்ததற்கு நல்ல மரியாதை என்றார். மாரப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் கார் என்று கேட்டார். காரைத் தான் மறக்கவில்லை, அதற்கு முன்னால் அவன்மேல் விழுந்த குதிரையையும் மறக்கவில்லை என்றாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டக் காலி பண்ணீரு."

"ஊடுன்னு நீங்களே சொல்லீட்டீங்க," என்றாள் பழனாத்தாள்.

முத்தாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். பூபதிராஜா திரும்பி யார் என்று பார்த்தார். பிறகு பொன்ராஜைக் கூப்பிட்டு, கறுப்புக் குதிரையை அவிழ்த்து வரச் சொன்னார்.

பொன்ராஜ் அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"உள்ள நடத்து. மூணுலயும்."

"பச்சத் தரை மொதலாளி. கால் பொதையும்."

"அதுக்குத்தாண்டா."

பொன்ராஜ் அறையின் விளிம்பு வரை வந்தான். அங்கே நின்றான். குதிரை அவன் தோளில் மூக்கை உரசியது. அவன் தலைக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி தள்ளிப் போனான்.

"நான் படுக்குற எடமும் இதுல இருக்கு. என்னால ஏலாது. நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

பூபதிராஜா கயிற்றைத் தானே எடுத்தார். குதிரை தலையை உயர்த்திப் பின்வாங்கியது. அவர் முதல் அறைக்குள் இறங்கிக் கயிற்றை இழுத்தார். அவர் பூட்ஸ் கணுக்கால் வரை புதையவில்லை, ஆனால் இறங்கியது. இரண்டாவது இழுப்பில் குதிரை முன்னங்காலை வைத்தது. கால் அழுந்தியதும் மிரண்டு, நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்துச் சுற்றியது. கலவை பிளந்து தெறித்தது. பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனாத்தாள் திருப்பவில்லை.

அப்போது மரத்தடியிலிருந்து நாக்கைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. மாரப்பன் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தான். அவன் மறுபடி சொடுக்கினான். தீனி வைக்கும்போது அவன் போடுகிற சத்தம். குதிரையின் காது திரும்பியது. அது ஒரே தாவில் அறையை விட்டு வெளியேறி அவனிடம் போனது. கயிறு பூபதிராஜாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க," என்றான் மாரப்பன். "அதுக்கு என்ற கொரலுதான் தெரியும்."

மற்ற இரண்டு அறைக்குள்ளும் யாரும் போகவில்லை. பூபதிராஜா பூட்ஸை ஒரு மட்டையில் தேய்த்துத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பழனாத்தாள் மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் இறங்கி இழுத்துப் பார்த்தாள். பலகை கரகரவென்றது. கலவை இறுக ஆரம்பித்துவிட்டது. இழுத்தால் சல்லி பெயர்ந்துகொண்டு வரும். நாளைக்குக் குழியை அடைத்துக்கொள்ளலாம் அக்கா என்றாள் முத்தாத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வாய் என்று யாரோ கேட்டார்கள்.

"தரை இருக்குது. நாங்களும் இருப்போம்," என்றாள் பழனாத்தாள். "வந்து தூக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும், தரை வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் தேக்குவதற்காக, ராக்கப்பன் வாசலோரம் மண்ணை வைத்து வரப்பு கட்டினான். லாயத்தில் மோட்டார் ஓடியது. அங்கே கட்டிய பாத்திகளில் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து நின்றது. இந்தப் பக்கம் வருகிற குழாயின் வால்வை யாரோ அடைத்திருந்தார்கள். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள்.

பழனாத்தாள் முதல் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் தரையில் பரவவில்லை. குளம்புக் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பியது, பிறகு அவற்றுக்கு நடுவே இருந்த பூட்ஸ் தடங்களை. அவள் குடத்தைக் கவிழ்த்து உதறிவிட்டு, அடுத்த குடத்துக்கு நடந்தாள்.