பின்பக்கமாகக் கடலில் இறங்கியவள்

பானுமதி அக்காவின் வலது கை ஆடி மாதத்திலிருந்து தோளுக்கு மேலே ஏறவில்லை. அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. தக்காளிக் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது பிடித்துக்கொண்ட தோள் அப்படியே இறுகிவிட்டது. தர்மபுரி டாக்டர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இவளோ கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அலறி உட்கார்ந்துவிடுவாள். வலியைவிட வலிக்குமே என்ற பயம்தான் பெரிது. அவளுக்கு ஜடை பின்னுவது, ஜாக்கெட் மாட்டிவிடுவது எல்லாம் நான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது சீப்பை இழுக்கிற இழுப்பிலேயே அவளுக்குத் தெரியும்.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை வாங்க. மயக்க மருந்து குடுத்து நாங்களே கையைத் தூக்கிவிட்டுடறோம்." அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மயங்கினால் எழுந்திருக்கவே மாட்டோம் என்று முடிவே கட்டிவிட்டாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊரிலிருந்து மேல்மருவத்தூருக்கு வேன் கிளம்பியது. தரிசனம் முடிந்து மகாபலிபுரத்தில் கடல் பார்த்துவிட்டுத் திரும்புவது ஊர் வழக்கம். "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், அப்புறம் மயக்கட்டும்" என்று அக்காவும் மற்ற பெண்களைப் போலச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்குமே கடல் புதுசு.

வேன் நின்றதுமே இரைச்சல் கேட்டது. நாலு எட்டு வைத்ததும் எதிரே தண்ணீர், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஒரு பழைய கிணற்றை விட்டால், எங்கே போர் போட்டாலும் தூசி மட்டும் பறக்கிற ஊர் எங்களுடையது. இத்தனையும் இங்கே சும்மா கிடந்து புரள்கிறதே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அடுத்த நிமிஷம் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். "முழங்கால் வரைக்குந்தான் சக்தி" என்று வேன் பொறுப்பாளர் சாலம்மாள், மருவத்தூர் பக்தர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற முறையில், பின்னாலிருந்து கத்தினார். யார் காதில் விழுந்தது?

நாங்கள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கிணற்றில் படியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தான் இறங்குவோம். அக்கா கடலிலும் அப்படியே இறங்கினாள். கரையோர நுரையில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தபடி, ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்துப் போனாள். கிணற்றுத் தண்ணீர் எழுந்து வந்து முதுகில் அடிக்காது. இது அடித்தது.

அலை வடிந்தபோது அவளைக் காணவில்லை. எங்கே பார்த்தாலும் சிவப்புச் சேலை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், யாரோ வெளியூர்க்காரி திட்டினாள். இன்னொன்றை இழுத்தேன், அது சாலம்மாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இனி காலையில் யார் தலையைப் பின்னுவேன் என்று நினைத்ததும் அழுகை பொங்கியது.

அப்போது சற்றுத் தள்ளி ஒரு கை எழுந்தது. காதை ஒட்டி நேராக, விரல்கள் விரிய எழுந்தது. "யுவராணி, இங்க இருக்கன்டி. மூக்கெல்லாம் உப்பு."

கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டு அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ எந்தக் கையத் தூக்கியிருக்கறன்னு பாரு."

பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கையை மெதுவாக இறக்கித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள், பிறகு விட்டாள். அது தானாக மிதந்து ஏறியது. "கனமே தெரியலடி. உப்புத் தண்ணி ஏந்திக்குது."

அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். விஷயம் தெரிந்ததும் சாலம்மாள் என்னைவிட உயரமாகக் குதித்தார். வேன்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். அக்கா வெளியே வந்தால்தானே. முன்னால், பக்கத்தில், தலையைச் சுற்றி என்று இத்தனை மாதமாகப் போகாத இடத்துக்கெல்லாம் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

கரையேறியதும் கை பழையபடி தோளோடு நின்றது. அவள் முகம் சுருங்கிவிட்டது. "தண்ணியில ஏறிச்சு இல்ல? அப்ப கை நல்லாத்தான் இருக்குது. நீதான் பயந்து பயந்து அதப் பூட்டி வெச்சிருக்கற" என்று சத்தம் போட்டேன். வழியில் ஓட்டலில் நிறுத்தியபோது, அத்தனை நாளைக்குப் பிறகு அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை ஊசி போட வந்த நர்ஸை நிறுத்திவிட்டு அக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள். "சார், அதுக்கு முன்னாடி நானே ஒருவாட்டி தூக்கிப் பாக்கறனுங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். எந்த இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. உதடு துடித்தது, நெற்றி வியர்த்தது, ஆனால் அலறவில்லை. கை தோளைத் தாண்டியது. கன்னத்தையும் தாண்டி, காதுக்குப் பக்கத்தில் போய் நடுங்கிக்கொண்டே நின்றது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நான் கை தட்டினேன், கடல் தண்ணீரில் கை ஏறிய கதையையும் டாக்டரிடம் கொட்டினேன்.

டாக்டர் ஊசியை எடுத்து வைக்கச் சொன்னார். "இனிமே இது வேணாம்மா. தினமும் தண்ணியில இறங்கி இந்தப் பயிற்சியப் பண்ணுங்க, போதும்."

"என்ன தண்ணிங்க சார்?"

"எதுவா இருந்தா என்ன? உங்க ஊர்க் கிணறே போதும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"இல்லீங்க சார். மாசத்துக்கு ஒருவாட்டி கடல் தண்ணின்னு சீட்டுல எழுதிடுங்க. வூட்டுல காட்டணும்."