பட்டறை வேப்பமரம்

அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் மாரியாத்தாள் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். அவள் இடுப்பில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பிளீச்சிங் தொட்டியில் துணி அலசுகிறவள் அவள். கைகளில் கொப்புளம் கண்ட அன்றைக்கு சூப்பர்வைசர் திருமலைசாமி தானே வேப்பிலை ஒடித்துக் கொடுத்தார். "ஆத்தா வந்திருக்காங்க. மூணு தண்ணி ஊத்திப்போட்டு மெதுவா வாங்க" என்று அனுப்பிவிட்டார். பதினாறு நாள் சம்பளமில்லாமல் கிடந்தாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள், மருந்தைத் தொடவில்லை. மூன்றாம் தண்ணி ஊற்றியும் அடங்காமல் கொப்புளங்கள் உடைந்து புண்ணாகிவிட்டன.

டாக்டர் ஷ்ரவ்யா கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முதுகையும் நெஞ்சையும் பார்த்தார். ஒரு பருகூட இல்லை.

"ஏனுங்கம்மா, வேலைக்குக் கையுறை போடுவீங்களா?"

"போடுவனுங்க. விரலெல்லாம் ஓட்டை. பிளீச்சிங் மருந்துத்தண்ணி உள்ள எறங்கி நின்னுக்கும்."

"அம்மைன்னா மொதல்ல நெஞ்சுலயும் முதுகுலயும் வருமுங்க. ஒண்ணு செவந்திருக்கும், ஒண்ணு நீர் கோத்திருக்கும், ஒண்ணு காஞ்சு பொறுக்குத் தட்டியிருக்கும். எல்லாம் கலந்து கெடக்கும். உங்களுக்குப் பாருங்க, உறை முடியற எடத்துல கோடு போட்டாப்பல நிக்குது. இது அந்தத் தொட்டி மருந்து அரிச்ச புண்ணுங்க."

மாரியாத்தாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். பதினாறு நாளும் அது அங்கேதான் இருந்தது. அந்தக் கைகளாலேயே ஆத்தாளைக் கும்பிட்டது நினைவுக்கு வந்தது. ஆத்தா பேரைச் சொல்லித் திருமலைசாமி ஏமாற்றியிருக்கிறான்.

"அதை அப்படியே எழுதிக் குடுங்க. கம்பெனிதான் வைத்தியம் பாக்கோணும்."

வேப்பிலையை வாசலிலேயே வீசிவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நேராகப் பட்டறைக்குப் போனாள். திருமலைசாமி படித்துப் பார்த்தார். மரியாதையில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

"ஆத்தா வந்ததை இல்லீன்னு சொல்லலாமுங்களா? குத்தமாயிருமுங்க. உங்க பேருல பூசைக்கே மொதலாளி சொல்லியிருக்காருங்க."

"பூசை வேண்டாமுங்க. இந்தக் கை உங்க தொட்டியில வெந்ததுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் வாய் திறப்பதற்குள் கயல்விழி உள்ளே வந்தாள். மாரியாத்தாள் இடத்தில் இப்போது நிற்பவள். அதே உறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே அதே உயரத்தில் கோடு, அதற்குக் கீழே நீர் கோத்த கொப்புளங்கள்.

திருமலைசாமி டாக்டர் சீட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். வாசல் வேப்பமரத்தில் கைக்கு எட்டுகிற கிளைகளெல்லாம் ஏற்கெனவே மொட்டையாக நின்றன. வாட்ச்மேனிடம் ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார்.