பூட்டக்காவும் வெறும் பஃபரும்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. மூன்று வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள். அது மரபணுக்களைப் பூட்டி வைக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தாள். பிறகு பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

விஷயம் இதுதான். செல்லுக்குள் டி.என்.ஏ. இழை குட்டிக் குட்டிப் புரத உருண்டைகளின் மேல் சுற்றிக்கொண்டு கிடக்கும். சுற்று இறுக்கமாக இருந்தால் மரபணுவைப் படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம். பூட்டக்காவின் புரதம் அந்த உருண்டைகளின் மேல்தான் போய் உட்காரும். உட்கார்ந்து இறுக்குகிறதா, தளர்த்துகிறதா என்று பார்க்க, டி.என்.ஏ.வை வெட்டும் ஒரு நொதியை விட்டுப் பார்ப்பாள். தளர்ந்த இடத்தில் வெட்டு விழும். அவள் புரதத்தைக் கூட்டக் கூட்ட வெட்டு குறைந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவின் முன் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். முனைவர் பட்டமே அந்தப் பேச்சை நம்பித்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒத்திகையில் பக்கத்து மேசைத் தம்பி வாயைத் திறந்தான். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று குடைபவன்.

"அக்கா, புரதம் போடாத குழாயில அதுக்குப் பதிலா என்ன ஊத்துனீங்க?"

"தண்ணி."

"ஏன்? புரதத்தைக் கரைச்சு வச்சிருக்கிற அதே பஃபரை, புரதம் இல்லாமத்தானே ஊத்தணும்?"

"பஃபர் என்னடா பண்ணிடும்? வெறும் உப்புத்தண்ணி!"

சொன்னாளே தவிர மனசு அரித்தது. மறுநாள், அவன் வாயை அடைப்பதற்காகவே, புரதம் இல்லாத வெறும் பஃபரை ஊற்றி ஓட்டினாள். வெட்டுப்பட்ட துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் வெட்டு விழவில்லை. புரதமே இல்லாமல் பூட்டு!

காரணம் உடனே உறைத்தது. புரதம் கெட்டுவிடக் கூடாதே என்று அவளே தன் கையால் பஃபரில் இ.டி.டி.ஏ. என்ற பொருளைக் கலந்து வைத்திருந்தாள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டும் நொதிக்கோ கால்சியம் இல்லாமல் வேலை ஓடாது. புரதத்தைக் கூட்டியபோதெல்லாம் அந்தப் பாழாய்ப்போன பொருளும் கூடவே கூடியிருக்கிறது.

அந்தப் படத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. அழித்துவிட்டால் வெள்ளிக்கிழமை ஜம்மென்று முடிந்துவிடும். பத்து நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அது பூட்டே இல்லம்மா. எல்லாம் தப்பு."

"அப்ப அது என்னதான்டி பண்ணுது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "தெரியல."

"தெரியலன்னா பார்த்துட்டு சொல்லு. அடுப்புல பால் வச்சிருக்கேன்."

அன்றே புரதத்தை இ.டி.டி.ஏ. இல்லாத பஃபருக்கு மாற்றி, வியாழக்கிழமை மறுபடி ஓட்டினாள். இந்த முறை எல்லாக் குழாயிலும் ஒரே பஃபர். தம்பியும் வந்து எட்டிப் பார்த்தான். புரதத்தைக் கூட்டக் கூட்ட வெட்டு கூடிக்கொண்டே போயிருந்தது.

"அக்கா, இது தளர்த்தில்ல விடுது!"

"ஏன்னு கேக்கலையா?"

"முதல்ல இன்னொரு தடவை ஓட்டிடலாம்க்கா."

ஓட்டினார்கள். அதேதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பழைய படத்தைத்தான் முதலில் போட்டாள். "இது என் தப்பு," என்றாள். அடுத்து வெறும் பஃபர் படம். அதற்கப்புறம்தான் புதியது. குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"நடுவுல இருக்கிற படத்தைக் காட்டாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது, மேடம்."

"ஆறு மாசம் தர்றோம். தளர்த்துற கதையை முழுசா எழுதிட்டு வாங்க. அந்த நடுப்படமும் அதுல இருக்கணும்."

வெளியே வந்ததும் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பூட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!"

"திறக்குதுன்னு மாத்திச் சொல்லும்மா."

"உன் சித்திகிட்ட நீயே சொல்லிக்கோ. பேச்சு மாறிட்டேன்னு என்னைப் பிச்சுத் தின்னுடுவா."

பூட்டக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மேசைக்குத் திரும்பியதும் பஃபர் பாட்டிலை எடுத்து, கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள்: 'வெறும் உப்புத்தண்ணி இல்லை.'