நகக்கண்ணில் நீலம்

இறந்துபோன அப்பாவின் விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அந்த நீலச் சாயத்த எடு," என்றான் கியாஸ்.

பரிசாத் அசையவில்லை. "எதுக்குண்ணே?"

"குளிப்பாட்ட மன்னர் ஷாவோட ஓவியக்கூடத்து ஆளுங்க வராங்க. ரெண்டு வருஷமா அப்பாவுக்குக் கண்ணு தெரியல, நீதான் வரையுறேன்னு அவங்களுக்குத் தெரியுமா? நகம் இப்படிச் சாயமில்லாமப் பளிச்சுன்னு இருந்தா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"இந்தப் படம் முடிஞ்சதும் கல்யாணம் பண்ணிக் காஷான் ஊருக்கு அனுப்புறேன்னு அப்பா சொன்னாரு."

"நான் இல்லேன்னா சொன்னேன்? எடு."

தூரிகை நுனியால் ஒவ்வொரு நகக்கண்ணிலும் நீலம் வைத்தாள். பத்தாவது விரலை விட மனம் வரவில்லை.

அவள் திரைக்குப் பின்னால் நின்றபோது தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு, ஓவியக்கூடத் தலைவர் ஹாதமின் குரல்.

"பழைய நீலம்னா நகத்த விட்டுப் போகாதே. இது தண்ணி பட்டதும் ஓடுது. ஒரு வாரமாக் காய்ச்சல்னு சொன்னியேப்பா?"

"காலையில சாயக் கிண்ணத்தக் கேட்டாரு. நான்தான் விரலத் தோச்சுவிட்டேன்." கியாஸின் குரல். "படத்துல சுவர், மாடம் வரையுற வேலையெல்லாம் இப்ப நான்தானே பாக்குறேன்."

"நீயா? நீ கோடு இழுத்தா வாய்க்கால் மாதிரியில்ல போகும்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதற்கப்புறம் தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

"ஐயா," என்றாள் பரிசாத்.

"என்னம்மா?"

நான்தான் வரைகிறேன் என்ற ஒரு வார்த்தை போதும். இந்த வீட்டுக்கு இனி எந்தப் படமும் வராது. அவள் காஷானுக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் அந்த வார்த்தை, பலகையில் துணியின்றிக் கிடப்பவரைப் பொய்யராக்கிவிட்டுத்தான் வெளியே வரும்.

"அண்ணன்தான் வரையுது. நான் பாத்திருக்கேன்." சற்று நிறுத்தி, "வெந்நீர் போதுமாங்க?"

"போதும்மா." பெருமூச்சு ஒன்று கேட்டது. "சரி கியாஸ், அடுத்த நூலுக்கான படம் பூரா அரண்மனைதான். அனுப்பி வைக்கிறேன்."

அடக்கம் முடிந்து வந்த கியாஸ், கையில் மண்ணோடு அவள் முன்னால் படம் ஒட்டிய பலகையை வைத்தான்.

"காஷானுக்கு ஆள் அனுப்பிட்டேன். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி."

"எத்தன நாளு?"

அவன் ரொட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

படத்தில் அரண்மனையின் மாடத்தில் ஒரு பெண்ணுக்கான இடம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. முகம் எழுதுவது ஓவியக்கூடத்தில் வேறொருவர் வேலை. பரிசாத் அளவுகோலை எடுத்தாள். அந்த வெள்ளையைச் சுற்றி, இடைவெளி விடாமல், ஒவ்வொன்றாக நீல ஓடு பதிக்கத் தொடங்கினாள்.